மகதலா முதல் மதுக்கடை வரை

சொல்லாகிப்போன பெயர்கள் – 5

லண்டனில் 1247-இல் எழுந்த பெத்லகேம் மாதா மடம் காலப்போக்கில் மனநோயாளிகளை அடைத்துவைக்கும் இடமாகி, கடைசியில் எந்தக் கூச்சல் குழப்பத்தையும் ஆங்கிலேயர் ‘பெட்லம்’ என்று சொல்லும் அளவுக்குப் போன கதையைச் சென்ற இதழில் பார்த்தோம். அங்கே சொல்லாகக் கரைந்தது ஓர் ஊரின் பெயர். இந்த முறை ஒரு பெண்ணின் பெயர். பெத்லகேமுக்கு நேர்ந்ததைவிட இவருக்கு நேர்ந்தது பெரிய அநியாயம் என்பது என் எண்ணம். அதனால் இந்த அத்தியாயம் கொஞ்சம் நீளும்.

ஆங்கிலத்தில் ‘மாட்லின்’ என்று ஒரு சொல். அளவுக்கு மீறி உருகுகிறவரை, தொட்டதற்கெல்லாம் கண் கலங்குகிறவரை, அப்படிக் கலங்கவைப்பதற்கென்றே எழுதப்பட்ட கதையை, எடுக்கப்பட்ட படத்தை அந்தச் சொல்லால் குறிப்பார்கள். குடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவன் தோளில் சாய்ந்து, ‘நீ என் கூடப்பிறந்தவன்டா’ என்று விசும்புகிறவன் அதற்குச் சரியான எடுத்துக்காட்டு. நம் ஊர் நீலிக்கண்ணீர் வேறு வகை. பழையனூர் நீலி எழுபது வேளாளரை நம்பவைப்பதற்காக அழுதாள், அது கபடம். மாட்லின் என்று பெயர் வாங்கியவனிடம் கபடம் கிடையாது. அவன் மெய்யாகவே அழுகிறான். அழுகிற அளவுக்கு அங்கே எதுவும் நடக்கவில்லை, அவ்வளவுதான். பார்க்கிறவர்களுக்கு அவன்மேல் கோபம் வராது, இளக்காரம் வரும். அந்த இளக்காரம் முழுவதும் சொல்லின்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

சொல்லுக்குள் இருப்பவர் மகதலா மரியா. பழைய தமிழ் வேதாகமத்தில் மகதலேனா மரியாள்.

*

கலிலேயக் கடல் பெயரில்தான் கடல். அது ஒரு நன்னீர் ஏரி. அதன் மேற்குக் கரையில் இருந்தது மகதலா. அரமேய மொழியில் கோபுரம் என்று பொருள். கிரேக்க மொழியில் எழுதியவர்கள் அந்த ஊரைத் தரிக்கேயா என்றார்கள். மீனுக்கு உப்புப் போடும் இடம் என்று அர்த்தம். ஏரியில் பிடித்த மீன் அங்கே கருவாடாகி வெளியூர்களுக்குப் போனது. 2009-இல் யாத்திரிகர் விடுதி ஒன்று கட்டுவதற்காக அங்கே நிலத்தைத் தோண்டியபோது யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. கி.பி. 70-இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடிப்பதற்கு முந்திய காலத்துக் கட்டடம். உள்ளே, ஏழு கிளை விளக்கு செதுக்கிய கல் ஒன்று. மரியாவின் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர், உப்பும் மீனும் மணத்த, காசு புழங்கிய ஒரு துறை.

நற்செய்தி நூல்கள் பெண்களைப் பெரும்பாலும் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாய் என்றுதான் அடையாளம் சொல்லும். இவருக்கு ஊரே அடையாளம். ஏழு பேய்கள் நீங்கப்பெற்றவர் என்கிறார் லூக்கா. ஏரோதின் மாளிகை அதிகாரி கூசாவின் மனைவி யோவன்னா, சூசன்னா முதலானவர்களோடு சேர்ந்து, தங்கள் சொந்தப் பணத்தால் இயேசுவின் கூட்டத்தாரைப் பராமரித்தவர் என்றும் சொல்கிறார். பேய் பிடித்தது என்றால் அந்தக் காலத்துப் பேச்சில் நோய். மரியாவைப் பாவி என்று சொல்லும் ஒரு வரிகூட அங்கே இல்லை.

பிறகு அவரைச் சிலுவையடியில் பார்க்கிறோம். ஆண் சீடர்களில் பெரும்பாலோர் ஓடிப்போன நேரம் அது. அடக்கம் நடந்த இடத்தை அவர் பார்த்துவைத்துக்கொள்கிறார். மூன்றாம் நாள் விடியலில் கல்லறைக்குப் போகிறார். போனவர்களின் பட்டியல் நான்கு நூல்களிலும் மாறுகிறது. அவர் பெயர் மட்டும் நான்கிலும் இருக்கிறது. யோவான் எழுதியபடி, கல்லறை திறந்து கிடக்கிறது, உடலைக் காணோம். அவர் வெளியே நின்று அழுகிறார். எதிரே வந்தவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து, உடலை எங்கே வைத்தீர் என்று கேட்கிறார். வந்தவர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் ஆளைத் தெரிந்துகொள்கிறார். போய் மற்றவர்களுக்குச் சொல் என்று அனுப்பப்படுகிறார். போய்ச் சொல்லவும் செய்கிறார்.

மகதலா மரியா தம் பெயரோடு அழுகிற இடம் விவிலியத்தில் இந்த ஒன்றுதான். நெருங்கியவரைப் பறிகொடுத்து, அடக்கம் செய்த இடத்தில் வந்து பார்த்தால் பிணத்தையும் காணோம். இதற்கு அழாமல் வேறு எதற்கு அழுவது?

*

அழுகிற வேறொரு பெண்ணும் லூக்காவில் உண்டு. சீமோன் என்ற பரிசேயரின் வீட்டு விருந்துக்குள் நுழைந்து, இயேசுவின் காலடியில் கண்ணீர் விட்டு, தன் கூந்தலால் துடைத்து, பரிமளத் தைலம் பூசுகிறாள். ஊரறிந்த பாவி என்று மட்டும் சொல்லப்படுகிறாள், பெயர் இல்லை. யோவானில் பெத்தானியா ஊர் மரியா, மார்த்தாவின் தங்கை, விலையுயர்ந்த நளதத் தைலத்தை இயேசுவின் காலில் பூசிக் கூந்தலால் துடைக்கிறார். அவர் அங்கே அழவில்லை. மாற்கு நூலிலோ பெத்தானியாவில் தொழுநோயாளி சீமோன் என்பவரின் வீட்டில் பெயர் தெரியாத ஒரு பெண் இயேசுவின் தலையில் தைலம் ஊற்றுகிறாள். எங்கு பார்த்தாலும் மரியா, எங்கு பார்த்தாலும் சீமோன், தைலம், கூந்தல். குழம்புவதற்கு எல்லா வசதியும் இருந்தது. கீழைத் திருச்சபை குழம்பவில்லை. இவர்களை மூன்று பெண்களாகவே வைத்துக்கொண்டது. மேலைத் திருச்சபையில் முடிச்சு விழுந்தது.

முடிச்சைப் போட்டவர் திருத்தந்தை முதலாம் கிரகோரி. 591 செப்டம்பரில் ரோமில் அவர் ஆற்றிய மறையுரை ஒன்றில், லூக்கா சொன்ன பாவியும் பெத்தானியா மரியாவும் ஏழு பேய் நீங்கிய மகதலா மரியாவும் ஒருவரே என்றார். ஏழு பேய்கள் ஏழு பாவங்களாயின. இயேசுவின் காலில் பூசிய தைலம், முன்பு அவர் தம் உடலை மணக்கவைக்கப் பயன்படுத்தியது என்று ஆயிற்று.

கிரகோரிக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. 589-இல் டைபர் ஆறு பெருகி ரோமின் தானியக் களஞ்சியங்களை அழித்தது. அடுத்த ஆண்டு கொள்ளைநோய் வந்தது. அவருக்கு முந்திய திருத்தந்தையே அதில் இறந்தார். வெளியே லொம்பார்டியர் படை. தெய்வம் தங்களைக் கைவிட்டுவிட்டது என்று இருந்த மக்கள்முன் நின்று, எவ்வளவு தாழ்ந்தவரும் எழுந்துவிடலாம் என்று சொல்ல அவருக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அவர் சொன்னது ஆறுதல். அந்த ஆறுதலுக்கு ஒரு பெண்ணின் வாழ்க்கை விலையாயிற்று. கல்லறையில் நின்று கேள்வி கேட்டவர், காசு கொடுத்து ஊழியத்தைத் தாங்கியவர், செய்தி கொண்டு ஓடியவர், இவர்கள் எல்லாம் பின்னுக்குப் போனார்கள். தன் பழைய பாவத்தை எண்ணி ஓயாமல் அழுகிற அழகி ஒருத்தி முன்னுக்கு வந்தாள். மேலைக் கிறித்தவம் அடுத்த பல நூற்றாண்டுகள் இவளைத்தான் பார்த்தது.

*

அழுகை நிற்கவேயில்லை. பாலைவனத்தில் தவம் செய்த எகிப்து மரியா என்ற இன்னொரு புனிதையின் கதையும் வந்து இதில் கலந்தது. மகதலா மரியா கடல் கடந்து பிரான்சின் தென்கரைக்கு வந்து, ஒரு மலைக்குகையில் 30 ஆண்டுகள் உணவின்றித் தவம் கிடந்ததாகவும், நாளுக்கு ஏழு முறை தேவதூதர் அவரை வானில் தூக்கிச் சென்றதாகவும் 13-ஆம் நூற்றாண்டில் வொராகினே யாக்கோபு தொகுத்த ‘பொற்புராணம்’ சொல்லியது. பர்கண்டியில் வெஸ்லே மடம் அவருடைய எலும்புகள் தன்னிடம் இருப்பதாக அறிவித்துப் பெரும் யாத்திரைத் தலமாயிற்று. 1146-இல் புனித பெர்னார்டு இரண்டாம் சிலுவைப்போருக்கு ஆள் திரட்டியது அங்கேதான். 1279-இல் அஞ்சூ வம்சத்து இளவரசர் சார்லஸ், தெற்கே செயின்ட் மாக்சிமினில் வேறொரு கல்லறையைத் திறந்து, உண்மையான எலும்புகள் இவையே என்றார். அதோடு வெஸ்லேயின் வரவு வற்றிப்போயிற்று.

ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் இந்தப் பெண்ணைவிட நல்ல பொருள் கிடைக்கவில்லை. 1530-களில் டிஷியன் வரைந்த படம் ஃபிளாரன்சின் பிட்டி மாளிகையில் இருக்கிறது. பொன்னிறக் கூந்தல் உடலைப் பாதி மூடுகிறது, பாதி காட்டுகிறது. கன்னத்தில் கண்ணீர்த் துளி, விழிகள் மேலே வானத்தை நோக்கி. கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் துயரம் யாரோ தன்னைப் பார்க்கிறார்கள் என்று தெரிந்த துயரம். மாட்லின் என்ற சொல் பின்னால் சம்பாதித்த இளக்காரத்தில் கொஞ்சம் இப்படிப்பட்ட படங்களுக்கு உரியது.

அதே ஊரில், ஏறத்தாழ 80 ஆண்டுகளுக்கு முன்பு டொனாடெல்லோ மரத்தில் செதுக்கிய மகதலேனா வேறு. பல் விழுந்து, எலும்பு துருத்தி, கந்தலும் கூந்தலும் ஒன்றாகிப்போன கிழவி. குவிக்க வந்த கைகள் இன்னும் ஒன்றையொன்று தொடவில்லை. 1966 நவம்பரில் ஆர்னோ ஆறு ஃபிளாரன்சுக்குள் புகுந்தபோது இந்தச் சிலையும் வெள்ளத்தில் நனைந்தது. அதைச் செப்பனிட்டவர்கள், பழுப்பாய்ப் படிந்திருந்த மேற்பூச்சை நீக்கியபோது அடியில் பழைய வண்ணங்களும் கூந்தலில் பொன்னும் தெரிந்தன. பொலோனியாவில் நிக்கோலோ டெல் ஆர்க்கா சுடுமண்ணில் செய்த மகதலேனாவையும் சொல்ல வேண்டும். இயேசுவின் சடலத்தை நோக்கி ஓடிவருகிறார். முக்காடும் ஆடையும் பின்னால் பறக்கின்றன. வாய் அலறலில் கிழிந்திருக்கிறது. யோவான் எழுதிய அந்த விடியலுக்கு நெருங்கிய முகம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் உலகம் பிரதி எடுத்துச் சுவரில் மாட்டியது டிஷியனின் வழியில் வந்த அழகிகளைத்தான்.

*

இனி இங்கிலாந்து. லத்தீனில் மக்தலேனா. பழைய பிரெஞ்சு நாக்கு நடுவில் இருந்த ககரத்தை விழுங்கியது, மாடலேன் ஆயிற்று. நார்மானியரோடு கால்வாய் தாண்டிப் போன அந்த உச்சரிப்பு ஆங்கிலத்தில் மாட்லின் என்று இறுகியது. அப்போது அதில் எந்த இழுக்கும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாசர் எழுதிய கேண்டர்பரிக் கதைகளில் வரும் கப்பல்காரனின் கப்பலுக்கு அந்தப் பெயர்தான். தொழுநோயாளிகளுக்கு ஊருக்கு வெளியே கட்டிய விடுதிகள் பல இவர் பெயரில் இருந்தன. வின்செஸ்டரில் அப்படி ஒன்றின் இடுகாட்டைத் தொல்லியலாளர் அகழ்ந்திருக்கிறார்கள். பிரிஸ்டல் நகரில் இன்றும் மாட்லின் தெரு இருக்கிறது. அங்கே இருந்த மகதலேனா கன்னியர் மடத்தின் மிச்சம் அந்தப் பெயர். 1458-இல் வின்செஸ்டர் ஆயர் வில்லியம் வெயின்ஃபிளீட் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய கல்லூரியை எழுத்தில் மக்தலென் என்று எழுதினாலும் மாட்லின் என்றே படிக்க வேண்டும். தெரியாமல் எழுத்துக்கூட்டிப் படிக்கும் வெளியூர்க்காரரை அங்கே உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கண்ணீர் எந்த வழியில் மதுக்கடைக்குப் போயிற்று? 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் நடிக்கப்பட்ட மகதலேனா நாடகம் ஒன்றின் கையெழுத்துப் படி ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் தந்தையை இழந்து துக்கத்தில் இருக்கும் மரியாவை, காமம் என்ற பாத்திரம் எருசலேமில் ஒரு மதுக்கடைக்கு அழைத்துப் போகிறது. கடைக்காரர் திராட்சமது ஊற்றிக்கொடுக்கிறார். பகட்டாக உடுத்திய ஓர் இளைஞன் வந்து அவர் மனத்தைக் கலைக்கிறான். பிறகு சீமோன் வீட்டில் அழுகை. விவிலியத்தில் இல்லாத அந்த மதுக்கடையை ஊரார் மேடையில் பார்த்தார்கள். மதுவும் கண்ணீரும் ஒரே பெண்ணின் கதையில் அடுத்தடுத்து வந்தன. கோயிலுக்குள் போனால் கண்ணில் நீர் வழிய வண்ணம் பூசிய சிலை. சொல் பிறப்பதற்கு வேண்டியது எல்லாம் அங்கே இருந்தது என்பது என் ஊகம்.

1509-இல் அலெக்சாண்டர் பார்க்லி என்ற பாதிரியார், பாசல் நகரில் செபாஸ்டியன் பிராண்டு எழுதிய ‘மூடர்களின் கப்பல்’ நூலைத் தழுவி ஆங்கிலத்தில் வெளியிட்டார். அதில் குடிகாரர்களை வகை பிரிக்கும்போது, உரக்கப் புலம்பி அழுகிறவனை மகதலேனா போதையில் இருப்பவன் என்கிறார். லூத்தர் எழுவதற்கு எட்டு ஆண்டுகள் முந்திய நூல். புனிதர்களை ஏசுகிற காலம் இன்னும் வரவில்லை. பலி நிறைவேற்றிய ஒரு பாதிரியாரே, யாரும் புண்படுவார்கள் என்று நினைக்காமல் எழுதுகிறார். அப்படியானால் தெருவில் அந்தப் பேச்சு அதற்கு முன்பே பழகியிருக்க வேண்டும்.

*

1517-இல் பாரிசில் லெஃபேவ்ர் தெதாப்ல் என்ற அறிஞர், மூன்று பெண்களை ஒருவராக்கியது பிழை என்று எழுதினார். நூலை வைத்து நூலைப் படித்துச் சொன்னார். பெரிய புயல் கிளம்பியது. ரோச்செஸ்டர் ஆயர் ஜான் ஃபிஷர் 1519-இல், மகதலேனா ஒருவரே என்று மறுப்பு நூல் எழுதினார். 1521-இல் பாரிஸ் பல்கலைக்கழக இறையியலாளர்கள் லெஃபேவ்ரின் கருத்தைக் கண்டித்தார்கள். கிரகோரியின் முடிச்சை அவிழ்க்கக் கிடைத்த முதல் பெரிய வாய்ப்பு அப்படிப் போயிற்று. திருச்சபை லெஃபேவ்ரின் பக்கம் நின்றிருந்தால் எத்தனை பெண்களின் வாழ்க்கை வேறாகியிருக்கும் என்று பின்னால் வரும் பக்கங்களைப் படித்தபிறகு எண்ணாமல் இருக்க முடியாது.

ஃபிஷரின் முடிவும் துயரமானது. எட்டாம் ஹென்றி திருச்சபைக்குத் தலைவர் ஆவதை ஏற்க மறுத்ததால் 1535-இல் அவர் தலை வெட்டப்பட்டது. அவரையும் தாமஸ் மோரையும் விசாரித்த நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர் லார்டு சான்சலர் தாமஸ் ஆட்லி. ஃபிஷர் வேந்தராக இருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில், துறவியர் தங்கிப் படித்த பழைய கல்லூரி ஒன்றை அதே ஆட்லி 1542-இல் புதுப்பித்து நிறுவினார். அதற்கு இட்ட பெயர் மகதலேனா கல்லூரி. மாட்லின் என்று உச்சரித்தால் நடுவில் தம் பெயர் ஆட்லி ஒலிக்கும் என்பதால் அந்தப் பெயரைத் தேர்ந்தார் என்பது கல்லூரி வழிவழியாகச் சொல்லும் செய்தி. மகதலேனாவின் ஒருமைக்காக வாதாடியவரைக் கொலைக்களத்துக்கு அனுப்பியவர் கையாலேயே அந்த மகதலேனாவின் பெயரில் கல்லூரி எழுந்தது.

இங்கிலாந்தில் சீர்திருத்தம் பரவியபோது ஆலயங்களில் இருந்த சிலைகள் இறங்கின, எரிந்தன. 1549-இன் ஆங்கிலப் பொது மன்றாட்டு நூலில் மகதலேனாவின் ஜூலை 22 திருநாளுக்கென்று மன்றாட்டு இருந்தது. 1552 பதிப்பில் அது எடுக்கப்பட்டது. புனிதை வழிபாட்டிலிருந்து வெளியேறினார். குடிகாரன் பெயரில் மட்டும் தங்கினார்.

ஆனால் 1591-இல் ஒரு நூல் லண்டன் கடைகளுக்கு வந்தது: ‘மரியா மகதலேனாவின் துக்கக் கண்ணீர்’. எழுதியவர் ராபர்ட் சவுத்வெல், மறைந்து வாழ்ந்த இயேசு சபைத் துறவி. தலைக்கு விலை இருந்த காலத்தில், கல்லறையடியில் அழும் மரியாவை எடுத்துக்கொண்டு அந்த ஒரு காட்சியின்மேல் முழு நூலும் எழுதினார். அவர் தேர்ந்தது பாவியின் கண்ணீரை விட்டுவிட்டு, பிரிவின் கண்ணீரை. குருக்களை இழந்து, பலிபூசையை இழந்து, வெறுங்கல்லறைமுன் நின்றது போல இருந்த ஆங்கிலக் கத்தோலிக்கருக்கு அது யாரைப் பற்றிய நூல் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. சீர்திருத்தச் சபையாரும் அதை வாங்கிப் படித்தார்கள். பல பதிப்புகள் வந்தன. சவுத்வெல் 1592-இல் பிடிபட்டார். சித்திரவதைக்குப் பிறகு 1595 பிப்ரவரியில் டைபர்னில் தூக்கிலிடப்பட்டார்.

அவர் பிடிபட்ட அதே 1592-இல்தான் தாமஸ் நாஷ் தம் ‘பியர்ஸ் பெனிலெஸ்’ என்ற அங்கத நூலில் குடிபோதையை எட்டு வகையாகப் பிரித்தார். குரங்கு, சிங்கம், பன்றி, செம்மறி, நரி என்று பெரும்பாலும் விலங்குகளின் பெயர்கள். ஐந்தாவதாக மாட்லின் போதை: குடித்துக்கொண்டிருக்கும்போதே அன்பு பொங்கி அழுது, பக்கத்தில் இருப்பவனைக் கட்டி முத்தமிடுகிறவன். அகராதிக்காரர்கள் இன்றும் எடுத்துக்காட்டும் இடம் இது. மறு ஆண்டே அதே நாஷ், கண்ணீரைப் பொருளாகக் கொண்டு எருசலேமுக்காகக் கிறிஸ்து அழுவது பற்றி ஒரு நூல் எழுதினார். சவுத்வெல்லின் செல்வாக்கை அதில் ஆராய்ச்சியாளர்கள் காண்கிறார்கள். ஒரே நகரம், ஒரே மூன்று ஆண்டுகள். ஒருவர் மறைந்திருந்து அந்தக் கண்ணீரை நூலாக்குகிறார். இன்னொருவர் அதைக் குடிகாரன் கன்னத்தில் ஒட்டுகிறார். நாஷின் சொல்தான் நிலைத்தது.

17-ஆம் நூற்றாண்டில் சொல் போதையை விட்டுக் கழன்று, தனியே பெயரடையாக நடமாடத் தொடங்கியது. 1646-இல் ரிச்சர்டு கிராஷா, அழுகிற மகதலேனாவைப் பற்றி எழுதிய கவிதை நிலைமையை இன்னும் கெடுத்தது என்றே சொல்ல வேண்டும். பக்தியில் குறைவில்லாத மனிதர். ஆனால் கண்ணீர்த் துளிமேல் உவமையை அடுக்கி அடுக்கி, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் போனார். ரசனைப் பிறழ்வுக்கு உதாரணம் தேடும் விமர்சகர்கள் பின்னாளில் அதைத்தான் எடுத்தார்கள்.

*

1758-இல் லண்டன் பிரெஸ்காட் தெருவில், விலைமாதராய் இருந்து மனம் திருந்தியவர்களுக்கென்று மகதலேன் மருத்துவமனை என்ற பெயரில் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. தொடங்கியவர்கள் ராபர்ட் டிங்லி, ஜோனாஸ் ஹான்வே போன்ற வணிகர்கள். ஞாயிறு வழிபாட்டுக்கு மேட்டுக்குடியினர் வந்து குவிந்தார்கள். 1760 ஜனவரியில் ஹொரேஸ் வால்போல், இளவரசர் எட்வர்டோடு அங்கே போய்வந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். வில்லியம் டாட் என்ற போதகர் பெண்களை நோக்கி உருக்கமாகப் பேச, அவர்கள் தேம்பித் தேம்பி அழ, பார்க்கவந்த சீமாட்டிகளும் சேர்ந்து அழுததை அதில் விவரிக்கிறார். மகதலேனாவின் பெயர் தாங்கிய வீட்டில், அழும் பெண்களைக் காட்சியாக வைத்து, வண்டி கட்டி வந்தவர்கள் அழுதுவிட்டுப் போனார்கள். சொல்லின் இன்றைய பொருளுக்கு இதைவிட நேரான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

அது கண்ணீர் நாகரிகமாக இருந்த காலம். 1771-இல் ஹென்றி மெக்கன்சி எழுதிய ‘உணர்ச்சி மிக்க மனிதன்’ நாவலைப் படித்து அழாதவர் கல்நெஞ்சர் எனப்பட்டார். லேடி லூயிசா ஸ்டூவர்ட் சிறுமியாய் இருந்தபோது, போதிய அளவு அழாமல் போய்விடுவேனோ என்று பயந்தபடி அதைப் படித்தாராம். முதுமையில், 1826-இல், வால்டர் ஸ்காட்டுக்கு எழுதும்போது, இப்போது வாய்விட்டுப் படித்தால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள் என்றார். 1886 பதிப்பில் ஹென்றி மோர்லி என்ற பேராசிரியர், எந்தெந்தப் பக்கத்தில் யார் அழுகிறார்கள் என்று கண்ணீருக்கே பொருளடைவு சேர்த்துவிட்டார். இப்படி ரசனை திரும்பிய காலத்தில், உருக்கத்தைப் பிழிகிற எழுத்தை ஒரே சொல்லில் தள்ளிவைக்க விமர்சகர்களுக்கு மாட்லின் கைகொடுத்தது.

லண்டன் இல்லத்தின் மாதிரி அயர்லாந்துக்கும் போயிற்று. 1767-இல் டப்ளின் லீசன் தெருவில் லேடி அரபெல்லா டென்னி திறந்தது முதலாவது. 19-ஆம் நூற்றாண்டில் கன்னியர் சபைகள் பல இல்லங்களை எடுத்து நடத்தின. பெண்கள் துணி வெளுத்தார்கள், கூலி கிடையாது. மணமாகாமல் தாயானவர்கள், அநாதைகள், வீட்டார் கொண்டுவந்து விட்டவர்கள், நீதிமன்றம் அனுப்பியவர்கள் என்று யார் யாரோ உள்ளே போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் எந்தப் பாவமும் செய்யாதவர்கள். ஆனாலும் எல்லாரும் ‘மகதலேன்கள்’. 1993-இல் டப்ளினில் ஒரு மடம் தன் நிலத்தை விற்றபோது, அங்கே புதைக்கப்பட்டிருந்த பெண்களின் உடல்களைத் தோண்டினார்கள். 133 உடல்களுக்கு அனுமதி பெற்றிருந்தார்கள். 155 உடல்கள் கிடைத்தன. பலருக்கு இறப்புச் சான்றே இல்லை. கடைசிச் சலவைக்கூடம் 1996 அக்டோபரில் மூடப்பட்டது. 1922 முதல் அன்றுவரை சுமார் 10,000 பெண்கள் இந்தக் கூடங்களுக்குள் போனதாக 2013-இல் அரசுக் குழு கணக்கிட்டது. அந்த ஆண்டு பிப்ரவரி 19 அன்று பிரதமர் எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

591-இன் மறையுரையில் ஆறுதலுக்காகச் சொன்ன ஒன்று, எத்தனை நூற்றாண்டு கழித்து, எந்த வாசலில் பூட்டாகத் தொங்கியது என்பதை இந்த வரலாற்றில் என்னால் எளிதாகக் கடந்துபோக முடியவில்லை.

திருச்சபை மெல்லத்தான் திரும்பியது. 1969-இல் ரோமன் திருநாட்காட்டியைத் திருத்தியபோது மகதலா மரியாவைப் பெத்தானியா மரியாவிடமிருந்தும் பெயரில்லாத பாவியிடமிருந்தும் பிரித்தார்கள். ஜூலை 22-க்குரிய வாசகம் இப்போது யோவானின் கல்லறைக் காட்சி. 2016 ஜூன் 3 அன்று, திருத்தந்தை பிரான்சிஸின் விருப்பப்படி அந்த நினைவு நாள், திருத்தூதர்களுக்குரிய விழா நிலைக்கு உயர்த்தப்பட்டது. ‘திருத்தூதர்களுக்கே திருத்தூதர்’ என்று தாமஸ் அக்குவினாஸ் போன்ற இடைக்கால ஆசிரியர்கள் அவருக்குக் கொடுத்திருந்த பழைய பட்டம் அந்த ஆணையில் திரும்ப வந்தது.

ஆங்கில அகராதியில் எதுவும் மாறவில்லை. சினிமா விமர்சனங்களில் மாட்லின் வாரந்தோறும் வருகிறது.

அடுத்த இதழில் இவரைப் போலவே சந்தையில் பெயரைப் பறிகொடுத்த இன்னொரு பெண்: ஈலி தீவில் 673-இல் மடம் நிறுவிய அரசி எதெல்ட்ரெடா. மக்கள் நாவில் ஆட்ரி. இளமையில் ஆசையாகக் கழுத்தணி பூண்டதற்குத் தண்டனையே கழுத்தில் வந்த கட்டி என்று நம்பி இறந்தவர். அவர் பெயரால் ஆண்டுதோறும் அக்டோபரில் நடந்த சந்தையில் விற்ற பட்டுக் கழுத்துக்கயிறு, ‘டாட்ரி’ என்ற சொல்லாகி, மலிவான பகட்டுக்குப் பெயரான விதத்தை அங்கே பார்ப்போம்.